‘அங்க எந்தத் தெரு?’

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மாதம் வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகள் வந்து இறங்கிவிடுகிறார்கள். ‘சொராரிட்டி’ எனப்படும் சகோதரிச் சங்கங்கள் புது உறுப்பினர்களைப் பொறுக்கியெடுக்கும் வாரம் அது. ஒவ்வொரு சங்கத்துக்கும் அங்கே அரண்மனை போல ஒரு வீடு உண்டு. புதிதாக வந்தவள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். வாசலில் மூத்த மாணவிகள் கைதட்டிப் பாட்டுப் பாடி வரவேற்பார்கள். உள்ளே ஒருத்தி சில நிமிடம் பேசுவாள், பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து நிற்பாள், பேச்சு கைமாறும். பேசிவிட்டுப் போனவர்கள் பிறகு உட்கார்ந்து இவள் தேறுவாளா என்று முடிவெடுப்பார்கள். சுற்றுக்குச் சுற்று அழைக்கும் வீடுகள் குறையும். கடைசி நாளில் கையில் ஓர் உறை வரும். அதில் எந்த வீட்டின் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டை நோக்கிச் சந்தோஷக் கூச்சலுடன் ஓட வேண்டும்.

2021 ஆகஸ்டில் இந்த மாணவிகள் தங்கள் அன்றாட உடையைக் காட்டி டிக்டாக்கில் போட்ட காணொளிகளை உலகமே வேடிக்கை பார்த்தது. 2023இல் ஓர் ஆவணப்படமே வந்துவிட்டது. இதற்கான தயாரிப்பு பள்ளியின் கடைசி ஆண்டிலேயே தொடங்கிவிடும். சங்கத்தின் பழைய உறுப்பினர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குபவர்கள் உண்டு. எந்தச் சுற்றுக்கு எந்த உடை, எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் மூத்த மாணவிகளும் சும்மா இருப்பதில்லை. முன்கூட்டியே வந்து கூடி, வாசல் பாட்டையும் பேச்சையும் நாள் கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாளையம்பட்டியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற அம்மாவுக்குச் சிரிப்பு வரும். படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் என்ன கூத்து என்பார். சிரிக்கட்டும். ஆனால், ஏறக்குறைய அதே மாதங்களில்தான் அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் வாளியும் பெட்டியுமாக நம் பெண்களும் மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு தேர்வு வாரம் காத்திருக்கிறது. அதற்குத் தேதி அறிவிப்பதில்லை, விதிமுறை கிடையாது, உறையும் வராது. தேர்வு நடந்ததே பல பிள்ளைகளுக்கு முடிந்த பிறகுதான் தெரியும்.

நம் வீடுகளில் தயாரிப்பு என்றால் சாமான் பட்டியல்தான். வாளி, மக், கொடிக்கயிறு, துணி கிளிப், பூட்டு இரண்டு, பாய், தலையணை, நைட்டி நாலு, இட்லிப் பொடி ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா, சாத்தூர் சேவு இரண்டு கிலோ. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் அஞ்சாறு ஜெராக்ஸ். அதற்கு மேல் அறிவுரை இரண்டு. ‘யார்கூடயும் ரொம்ப ஒட்டாத’ என்பார் அப்பா. ‘நம்ம ஆளுக பிள்ளைக இருந்தா அதுககூட இருந்துக்க’ என்பார் அத்தை. முதல் அறிவுரை பிள்ளையைத் தனி ஆளாக்கும். இரண்டாவது அவளைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு சங்கத்தில் சேர்த்துவிடும்.

விடுதியின் முதல் சாயங்காலம் எப்படிப் போகும் என்பது அங்கே இருந்துவிட்டு வந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சேவு டப்பாவைத் திறந்ததும் அறைக்கு நாலு பேர் வருவார்கள். மூத்த மாணவி ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து அன்பாகத்தான் ஆரம்பிப்பாள்.

‘எந்த ஊரு?’

‘அருப்புக்கோட்டைக்கா.’

‘அருப்புக்கோட்டையேவா?’

‘பாளையம்பட்டி. பக்கந்தான்.’

‘அங்க எந்தத் தெரு?’

தெருவைச் சொன்னால் தெரிந்தவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். விளங்காதவர்களுக்கு வேறு கேள்விகள் கைவசம் உண்டு. உங்க குலசாமி எது? ஊர்ப் பொங்கல் பங்குனியிலயா, சித்திரையிலயா? அப்பாவுக்குக் கடையா, தறியா, காடா? அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும். பதில் வரும்போதே சாதியும் கூடவே வந்துவிடும். கேட்கிறவள் கெட்டவள் இல்லை. அவளிடம் இரண்டு வருடத்துக்கு முன் வேறு யாரோ இதையேதான் கேட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும், அல்லது வராது. அவ்வளவுதான் தேர்வு.

முடிவை மெஸ்ஸில் பார்க்கலாம். மூன்றாம் நாள், நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள் என்பதிலேயே பட்டியல் வெளியாகிவிடும். சின்ன விஷயம் போலத்தான் தோன்றும். ஆனால் அடுத்த நாலு வருடத்துக்கான பழைய நோட்டு, முடித்துவைத்த ரெக்கார்டு, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற தகவல், இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும் என்ற துப்பு, தீபாவளிக்கு ஊர் வரச் சேர்ந்து போடும் டிக்கெட், காய்ச்சல் வந்த ராத்திரியில் கஞ்சி என எல்லாமே அந்த மேசை வழியாகத்தான் வரும். அமெரிக்கச் சங்கங்கள் உறுப்பினர்களுக்குத் தருவதும் இதே பொருள்தான். பெரிய வீடும் மாளாத சந்தாவும் கூடுதல்.

சாதி மட்டுமே அளவுகோல் என்று சொன்னால் அது பொய். சென்னையில் பெரிய வளாகத்துக்குப் போகிற பிள்ளைக்கு முதலில் இடறுவது இங்கிலீஷ்தான். சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் சிரிக்கும் நகைச்சுவை இவளுக்குப் புரியாது. ‘எங்க அம்மா வாராக’ என்று இவள் போனில் பேசினால் பக்கத்துக் கட்டில் சிரிக்கும். நிறம், உடை, செல்போன், பள்ளிக்கூடத்தின் பெயர் என்று ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. அம்மாவும் அத்தையும் தயார் செய்யாதது இந்தச் சல்லடைகளுக்குத்தான்.

இந்தப் பிரச்சினை பத்து வருடத்துக்கு முன் இவ்வளவு பெரிதாக இல்லாததற்குக் காரணம் எளியது: அப்போது இவ்வளவு பேர் போகவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. முன்பு இதே நிதி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டமாக, கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தாலிக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியதில் கரிசல்காட்டுப் பெண்கள் முன்பு எட்டிப்பார்க்காத வளாகங்களுக்குள் கால் வைத்திருக்கிறார்கள். வாசல் வரை கொண்டுபோய் விட அரசால் முடிந்தது. மெஸ் மேசையில் இடம் பிடித்துத் தருவது அரசாணையால் ஆகாத காரியம்.

பாளையம்பட்டிக்காரர்களுக்குச் சங்கம் என்பது புதிய சங்கதி இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகம் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில் பழைய ராமநாதபுரம் சீமையில் அச்சமூகத்து வணிகர்கள் கால் ஊன்றிய ஆறு ஊர்களைச் சொல்கிறார்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. தென்கோடியிலிருந்து மாட்டு வண்டியில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வந்தவர்களுக்கு வழியெங்கும் கள்ளர் பயம், ஊருக்குள் ஒதுக்கம். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் பேட்டை. சுற்றுச்சுவர் வைத்த பெரிய வளாகம். வண்டியை அவிழ்த்துவிட்டுச் சரக்கைப் பத்திரமாக வைத்துப் படுத்து எழுந்து போகலாம். சரக்கின் மேல் மகமை வசூலித்தார்கள். அந்தப் பொதுப்பணத்தை நிர்வகிக்க உறவின்முறை வந்தது. கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடந்த பள்ளி என்பதும் ஊரறிந்த கதை.

பிடியரிசி என்றால் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவது. அந்தக் கை யாருடையது? அரிசியை எடுத்து வைத்தது பெண். உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்தது ஆண். தலைக்கட்டு என்று கணக்கு வைத்தால் அதில் அவள் இல்லை. எந்தச் சாதியின் ஊர்க்கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கதை இதுதான். நம் ஊர்களில் சகோதரர்களுக்குச் சங்கம் இருந்தது, சகோதரிகளுக்கு இருந்ததில்லை. பெண்கள் கூடுவதற்கென்று முறையான அமைப்பு பரவலாக வந்ததே 1989இல் தருமபுரியில் பன்னாட்டு நிதி உதவியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய பிறகுதான். இன்று விடுதிக்குப் போகும் பெண்ணின் அம்மா பெரும்பாலும் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறார். யாரை நம்பிக் கடனுக்குக் கூட்டுச் சேரலாம், யார் தவணை தப்பினால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மகளுக்குச் சொல்லித்தர அவரிடம் இருக்கும் பாடம் அத்தையின் அறிவுரையைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்தது. ஆனால் அந்தக் குழுவும் பல இடங்களில் ஒரே தெருக் குழுவாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டுவதும், கட்டிய வீட்டுக்குப் பிறகு கதவு முளைப்பதும் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதே 1908இல்தான் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைப் பெண்களின் சங்கங்கள் அவர்களைச் சேர்க்காத காலம். 1986இல் அந்தச் சங்கத்தில் சேர்ந்த ஹோவர்டு மாணவி ஒருவரின் தாய்வழிப் பூர்விகம் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். பெயர் கமலா ஹாரிஸ்.

இன்னும் பின்னால் போனால், அந்த வெள்ளைப் பெண்களின் சங்கங்களும் ஒதுக்கத்தில் பிறந்தவைதான். இந்தியானா மாநிலத்தில் ஆஸ்பரி பல்கலைக்கழகம் 1867இல் பெண்களைச் சேர்த்தபோது ஆண் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். பெட்டி லாக் என்ற மாணவியை அழைத்த ஆண்கள் சங்கம் ஒன்று, எங்கள் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள், உறுப்பினர் உரிமை மட்டும் கேட்காதே என்றது. அவர் மறுத்தார். தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 1870இல் காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார். அப்படிப் பிறந்த சங்கங்கள் நூறு வருடத்தில் என்ன ஆயின என்பதற்கு அலபாமாவே சாட்சி. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963இல் வாசலை மறித்து நின்றும், விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போனார்கள். பல்கலைக்கழகத்தின் கதவு அன்று திறந்தது. சகோதரிச் சங்கங்களின் கதவு அன்று திறக்கவில்லை. 2013 செப்டம்பரில் மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்சன் ஒய்ட்’ ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் குடும்பச் செல்வாக்கும் உள்ள ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க மாணவிகளே விரும்பியும், பழைய உறுப்பினர்கள் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்கள் என்பது செய்தி. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் சேர்க்கையை மறுபடி திறக்க உத்தரவிட்டார். கல்லூரி வாசலுக்கும் உள்வீட்டு வாசலுக்கும் நடுவே ஐம்பது வருடம்.

இந்தியப் பெண்களும் இந்த வரிசையில் நின்றார்கள். 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகாவும், டெக்சாஸ் ஆஸ்டினில் காப்பா ஃபை காமாவும் தெற்காசிய மாணவிகளின் சங்கங்களாகத் தொடங்கப்பட்டன. அங்கே நம் பிள்ளைகளும் பரிசீலிக்கிறார்கள், பரிசீலிக்கப்படுகிறார்கள்.

இங்கே திரும்புவோம். தமிழ்நாட்டின் சாதிவாரி விடுதிகளையும் கல்வி அறக்கட்டளைகளையும் நான் குறைசொல்ல வரவில்லை. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவ பானு சத்திரிய கல்லூரி என்று சமூகங்கள் எழுப்பிய கல்லூரிகள் இல்லையென்றால் இந்த வறண்ட பூமியில் பட்டதாரிகளே இருந்திருக்க மாட்டார்கள். அவற்றில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்ததால் மட்டுமே டாக்டரானவர்கள், கலெக்டரானவர்கள் எத்தனை பேர். 2025 ஜூலையில் அரசு தன் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர். துறைகள் மட்டும் பழையபடி தனித்தனியாகவே இருக்கின்றன. எந்தப் பிள்ளை எந்த விடுதி என்பதும் பழையபடிதான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, மோதிரம் கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. எல்லாம் சரி. ஆனால் கயிறு பையன்களின் பாஷை. கையில் எதையும் கட்டாமல், வாயால் விசாரித்தே வரிசை பிரித்துவிடுவார்கள் பெண்கள் விடுதியில். கயிற்றை ஹெட்மாஸ்டர் கத்தரித்துவிடலாம். குலசாமி எது என்ற கேள்வியை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டுவது?

இதற்குச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மருத்துவ மாணவர் பொன் நாவரசு 1996 நவம்பரில் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்து தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகள் 2009இல் வந்தன. 2016இல் அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது. நிறம், இனம், மதம், சாதி, மொழி, பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதாரப் பின்னணி இவற்றில் எதைக் காரணமாக வைத்தும் ஒரு மாணவரைத் துன்புறுத்துவது, ஒதுக்கி வைப்பது உட்பட, ராகிங்தான் என்கிறது அந்தத் திருத்தம். ஒதுக்கி வைப்பதும் ராகிங். இதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? சேர்க்கையின்போது மாணவியும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுத்தே ஆக வேண்டும். பிரவுசிங் சென்டரில் பையன் தட்டித் தருகிறான், நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அலபாமாவில் வாரம் முழுக்கத் திருவிழாவாக நடப்பதை நம் விதிமுறையின் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பாதி குற்றப்பட்டியலில் வரும். அந்த வகையில் நம் ஏடு அவர்கள் ஏட்டைவிட மேல். வழக்கம்போல ஏட்டோடு சரி.

‘சொந்த ஊர்க்காரியோடு பிள்ளை பழகுவதில் என்ன தப்பு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தப்பே இல்லை. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரி விடுதியில் முதல் ராத்திரி அழுகிற பிள்ளைக்குத் தன் பேச்சைப் பேசும் ஒருத்தி பக்கத்தில் இருப்பது மருந்து. ஊர்ப் பாசம் வேறு, தெரு விசாரணை வேறு. அருப்புக்கோட்டைக்காரி என்றதும் கை பிடிப்பவள் தோழி. எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு கையைப் பிடிப்பதா விடுவதா என்று யோசிப்பவள் தேர்வுக் குழு.

அதே கிண்டியில் ஒரு பழைய கதை உண்டு. 1940இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார் ஏ.லலிதா. தெலுங்குக் குடும்பம், பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர். ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இவள் தனித்துவிடக் கூடாதே என்று, பெண்களும் சேரலாம் என விளம்பரம் கொடுக்கப்பட்டது. கேரளத்திலிருந்து லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். மொழி வேறு, மதம் வேறு. மூன்று பேரும் பட்டம் வாங்கினார்கள். லலிதா இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். யாரும் யாரையும் பொறுக்கியெடுக்கவில்லை. வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக் கதை இன்னும் கசப்பானது. 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மேலிடத்தில் இருப்பவர்களின் இச்சைக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் வரும் என்று தன் மாணவிகளிடம் போனில் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. 2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தண்டனையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்தப் போனின் இந்த முனையில் இருந்த நாலு பெண்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேராசிரியையிடம் முடியாது என்று சொன்னதும், பேச்சைப் பதிவாக வைத்திருந்ததும், புகார் கொடுத்ததும் அவர்கள்தான். தனியாக ஒருத்தி இருந்திருந்தால் பயத்தில் பேசாமலேயே இருந்திருக்கலாம். நாலு பேர் ஒருவரை ஒருவர் நம்பியதால் வழக்கு நிலைத்து நின்றது. பெண்களுக்குக் கூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆகவே கூட்டு வேண்டும். பொறுக்கியெடுக்கும் கூட்டு வேண்டாம். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விடுதி அறையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். மாவட்டமும் பாடமும் கலந்து வரட்டும். ‘அறை மாற்றித் தாருங்கள்’ என்று முதல் மாதத்தில் வரும் சிபாரிசுக் கடிதங்களை, அது எம்.எல்.ஏ. கடிதமாகவே இருந்தாலும், குப்பைக்கூடையில் போடுங்கள். மானியக் குழு 2019இல் வகுத்த ‘தீட்சாரம்ப்’ என்ற அறிமுக நிகழ்ச்சி பல இடங்களில் குத்துவிளக்கு ஏற்றி, முதல்வர் பேசி, பிஸ்கட் கொடுத்து முடிகிறது. அதில் ஒரு மணி நேரம் எடுத்து 2016 திருத்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வார்டன் முதல் வாரம் மட்டுமாவது மெஸ்ஸில் மாணவிகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்; எந்த மேசையில் யார் தனியாக இருக்கிறாள் என்பது ஒரு சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு புதிய பெண்ணுக்கும் வேறு மாவட்டத்து மூத்த மாணவி ஒருத்தியைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு வார்டனின் அக்கறை போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘எந்தத் தெரு?’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பொய் சொல்லத் தேவையில்லை. ‘மெயின் ரோட்டுக்குப் பக்கத்துலக்கா. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?’ என்று பேச்சைத் திருப்பத் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவது. நம் பிள்ளை கேட்கப்படுவாள் என்று மட்டுமே பயப்படுகிறோம். இரண்டாம் வருடம் கட்டிலில் உட்கார்ந்து கேட்கப்போகிறவளும் அவள்தான்.

கடைசியாகப் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் எத்தனையோ உறவின்முறைகள், சங்கங்கள், அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய தங்கள் சமூகப் பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயமும் உதவித்தொகையும் கொடுக்கின்றன. அதை நிறுத்தச் சொல்லவில்லை. பழைய பேட்டையில் ஒரு சமூகத்தின் வண்டிகள் தங்கின; இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாத் தெரு வண்டிகளும் தங்கும் பேட்டை வேண்டும். மே மாதம் விடுமுறையில், வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் வட்டாரத்துப் பெண்கள் ஊரில்தான் இருப்பார்கள். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து, ஏதாவது ஒரு அரசுப் பள்ளி வகுப்பறையை ஒரு நாள் கேட்டு வாங்கி, அவர்களையும் அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த பெண்களையும் உட்கார வையுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஆண்களும் வேண்டாம். எந்தச் சங்கத்தின் பணம் என்று பேனரும் வேண்டாம். மெஸ், வார்டன், இங்கிலீஷ், வீட்டு நினைப்பு, யாரை நம்பலாம் என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். போகும்போது போன் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522 என்பதையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கலந்தாய்வுக்குள் இதை நடத்திவிட முடியும்.